உரிமை எழுதப்பட்ட வரலாறு

ஆண்டுதோறும் குடியரசு நாளன்று கொடியேற்றி முடித்தபின் மாணவர்களை நோக்கி ஒரு வினா எழுப்புவது என் வழக்கம். "தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று இந்நாட்டின் சட்டத்தில் எழுதியவர் யார்?" என்பேன். "டாக்டர் அம்பேத்கர்!" என்று ஒரே குரலில் விடை வரும். மகிழ்ச்சிதான். ஆயினும் அடுத்த வினாவையும் கேட்பேன். "அதற்கு முன்னர் அதனை எழுதியவர்கள் யார்? எங்கே எழுதினார்கள்? ஒருமுறை எழுதியதை ஏன் மீண்டும் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று?" அப்பொழுது அணியில் அமைதி நிலவும். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் எனப் பணித்தபொழுது, அந்த அமைதிக்கு விடை கூறுவதே என் கடமை எனக் கொண்டேன்.

முதலில் ஒரு சிறு நினைவு. நான் தொடக்கப் பள்ளியில் பயின்ற காலம் 1970-களின் பிற்பகுதி. எங்கள் ஊர்ப் பள்ளியில் குடிநீர்ப் பானை ஒன்று உண்டு. சேரிப் பிள்ளைகளாகிய நாங்கள் அதனைத் தொடலாகாது. மற்றொரு பையன் மொண்டு ஊற்ற, இரு கைகளையும் குவித்துக் குடிக்க வேண்டும். ஊற்ற அவனுக்கு மனமில்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்புவோம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பானையைத் தொடவிடாமல் தடுப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டமும் இருந்தது. சட்டமும் இருந்தது, பானையும் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் எழுத்தறிவு எங்கள் தெருவில் அன்று ஒருவருக்கும் இல்லை. கூலி வேலை செய்து என்னைப் படிக்கவைத்த என் தந்தையார் அந்தச் சட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டதில்லை. ஆகவேதான் உரிமை எவ்வாறு எழுதப்பட்டது என்னும் வரலாறு எனக்கு வெறும் ஏட்டுப் படிப்பன்று.

பிரெஞ்சு நாட்டுப் பிரகடனம்

உரிமைப் பிரகடனம் என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது பிரான்சு நாடு. 1789-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெர்செயில்ஸ் நகரில் மூவகைப் பிரிவினரின் பேரவை கூடியது. குருமார்கள் முதல் பிரிவினர். பிரபுக்கள் இரண்டாம் பிரிவினர். எஞ்சிய மக்கள் அனைவரும் மூன்றாம் பிரிவினர். மக்கள் தொகையில் மிகப் பெரும் பகுதியினரான மூன்றாம் பிரிவினர் ஜூன் 17-ஆம் நாள் தங்களையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டனர். ஜூலை 14-இல் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்தது. ஆகஸ்டு 4-ஆம் நாள் இரவில் பிரபுக்களின் பரம்பரைச் சலுகைகளை ஒழிக்க முடிவாயிற்று. ஆகஸ்டு 26-ஆம் நாள் 17 பிரிவுகள் கொண்ட மனிதர், குடிமக்கள் உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. மனிதர் யாவரும் பிறப்பால் உரிமையிற் சமமானவர் என்பதும், ஆளும் அதிகாரம் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்பதும் அதன் உயிர்க் கருத்துகள்.

எனினும் அப்பிரகடனத்தின் குறையையும் நாம் அறிதல் வேண்டும். பெண்களுக்கு அது வாக்குரிமை தரவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளின் விலங்கையும் அது உடைக்கவில்லை. அடிமைகள் கிளர்ந்தெழுந்த பின்னரே 1794-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1802-இல் நெப்போலியன் அதனை மீண்டும் கொண்டுவந்தான். எழுதியோர் தமக்காக எழுதிய உரிமை, எழுத இடம் பெறாதோரைத் தானே சென்றடைவதில்லை. இப்பாடத்தை மனத்திற் கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

தமிழகத்தில் எழுந்த முதற் குரல்கள்

நம் மக்கள் தமக்காகத் தாமே எழுதத் தொடங்கியது டாக்டர் அம்பேத்கர் பிறந்த அதே 1891-ஆம் ஆண்டிலேயாகும். அவ்வாண்டு டிசம்பரில் பண்டிதர் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். இழிவாகப் பெயர் சொல்லி அவமதிப்பதைச் சட்டப்படி குற்றமாக்க வேண்டும், பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்க உரிமை வேண்டும், கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்பன போன்ற கோரிக்கைகள் அவற்றுள் இருந்தன. 1893-இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே இதழின் முகப்பில் பொறித்த துணிவு எண்ணுந்தோறும் வியப்பூட்டுவது.

தாத்தா அவர்கள் பின்னர் தென்னாப்பிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பிச் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். 1924-ஆம் ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. எந்த வகுப்பினராயினும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம்; பொது அலுவலகம், கிணறு, குளம் முதலிய இடங்களுக்குச் செல்லலாம்; தடையில்லை என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் அரசாணையும் பிறந்தது.

இளைஞர்களே, அத்தீர்மானத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். "தடையில்லை" என்றது, "தடுப்போர் தண்டிக்கப்படுவர்" என்று கூறவில்லை. தடுத்தவனுக்கு என்ன நேரும் என்னும் வினாவிற்கு அதில் விடை இல்லை. ஆகவே அரசாணை அலுவலகக் கோப்பில் இருந்தது. கிணற்றடியில் பழைய வழக்கம் இருந்தது. சென்னை மாகாணத்தில் சமூகக் குறைபாடுகளை நீக்கும் சட்டம் எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938-இல்தான் வந்தது.

மகாத்துக் குளக்கரையில்

ஏறத்தாழ இதே நிலைதான் பம்பாய் மாகாணத்திலும் இருந்தது. 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பொது நிதியில் அமைந்த நீர்நிலைகளும் பள்ளிகளும் தீண்டப்படாதாருக்கும் உரியவை என்று எஸ். கே. போலே என்பார் கொண்டுவந்த தீர்மானம் அங்குள்ள சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதனையொட்டிக் கொலாபா மாவட்டத்து மகாத் நகராட்சி தன் ஊரின் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஆனால் மூன்றாண்டுகள் கழிந்தும் ஒரு தீண்டப்படாதவர்கூட அக்குளத்தில் ஒரு கை நீர் அள்ள இயலவில்லை.

1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்று அக்குளத்து நீரைப் பருகினர். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டது என்று கூறி, பஞ்சகவ்வியம் நிரம்பிய குடங்களை ஊற்றிச் சடங்கும் செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இரண்டாம் மாநாடு கூட்டப்பட்டது. மாநாட்டுப் பந்தலுக்கு இடம் கொடுக்க ஊரார் மறுத்தனர். பத்தேகான் என்னும் இசுலாமியப் பெரியவர் தம் நிலத்தை உவந்தளித்தார்.

டிசம்பர் 25-ஆம் நாள் நிகழ்ந்த அம்மாநாட்டில் மனுநூல் எரிக்கப்பட்டது என்பதைப் பலரும் அறிவர். அதே நாளில் ஓர் உரிமைப் பிரகடனமும் நிறைவேற்றப்பட்டது என்பதைச் சிலரே அறிவர். டாக்டர் அம்பேத்கர் தம் தலைமையுரையில் 1789-இல் கூடிய பிரெஞ்சுத் தேசிய சபையை விரிவாக எடுத்துரைத்து, அதனோடு தம் மாநாட்டை ஒப்பிட்டார். பாரிசிலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்களின் முன்னே அவ்வரலாற்றைச் சொன்னார். பிறப்பால் யாவரும் சமநிலையினர், இறக்கும்வரை அந்நிலையிலேயே இருத்தல் வேண்டும், அதிகாரம் மக்களிடமிருந்தே தோன்றுகிறது, சட்டம் இயற்றும் உரிமை ஒரு வகுப்பாருக்கு மட்டும் உரியதன்று என்பன அப்பிரகடனம் கூறிய கருத்துகள்.

மனுநூலை எரித்தது பழைய சட்டத்தை மறுத்த செயல். பிரகடனத்தை நிறைவேற்றியது புதிய சட்டத்தின் முதல் வரியை எழுதிய செயல். மறுப்பும் ஆக்கமும் ஒரே நாளில் நிகழ்ந்தன. முன்னதை மட்டும் நினைவிற் கொண்டு பின்னதை மறப்பது பாதி வரலாறேயாகும்.

குளம் தனியார் சொத்து என்று எதிர்ப்பாளர் நீதிமன்றம் சென்று இடைக்காலத் தடை பெற்றிருந்தனர். நீர் எடுக்கும் போராட்டத்தை அம்பேத்கர் ஒத்திவைத்தார். வழக்கைத் தொடர்ந்து நடத்தினார். பத்தாண்டுகள் கழிந்து 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு குவளை நீருக்குப் பத்தாண்டு!

இலண்டனில் எழுதிய எட்டு நிபந்தனைகள்

1930-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அழைக்கப்பட்டவர் இருவர். ஒருவர் மகாத்தின் தலைவர் டாக்டர் அம்பேத்கர்; மற்றவர் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். சென்னைத் தீர்மானத்தின் படிப்பினையும் மகாத்துக் குளத்தின் படிப்பினையும் அங்கே ஒன்றுசேர்ந்தன எனலாம்.

இருவரும் கையொப்பமிட்டு அளித்த அறிக்கையில் எட்டு நிபந்தனைகள் இருந்தன. முதலாவது சமக் குடியுரிமை. தீண்டாமையினால் விளையும் குறைபாடு எதுவும் செல்லாது என்று அரசியலமைப்பிலேயே அடிப்படை உரிமையாக எழுதப்பட வேண்டும் என்றனர். இரண்டாவது, அவ்வுரிமையைத் தடையின்றி நுகர்வதற்கான பாதுகாப்பு. பள்ளி, சாலை, குளம், கிணறு, விடுதி, ஊர்தி முதலியவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்போருக்கு ஐந்தாண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்க வேண்டும் என்றனர். 1924-இல் விடுபட்டுப் போன அந்த வரி 1930-இல் எழுதப்பட்டுவிட்டது.

அவர்கள் அதனோடு நின்றார்களில்லை. உரிமையைக் கேட்டவனை அடிப்பதைவிடக் கொடிய ஆயுதம் ஒன்றுண்டு என்பதை இருவரும் அறிந்திருந்தனர். வேலை கொடாமை, நிலத்திலிருந்து வெளியேற்றுதல், கடையில் பொருள் விற்க மறுத்தல் என்னும் ஊர்விலக்கே அவ்வாயுதம். அடியின் காயம் ஆறிவிடும். அடுப்பு எரியாத வீட்டில் உரிமைப் பேச்சு எத்தனை நாள் நிற்கும்? ஆகவே ஊர்விலக்கும் தண்டனைக்குரிய குற்றமாதல் வேண்டும் என்று வரைந்தனர். இதற்குப் பர்மாவில் 1922-இல் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டனர். அமெரிக்காவில் நீக்ரோ அடிமைகள் விடுதலை பெற்றபின் 1866-ஆம் ஆண்டிலும் 1875-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டங்களையும் துணைக்கொண்டனர். உலகெங்கும் ஒடுக்கப்பட்டோர் பெற்ற சட்டங்களைத் தேடிப் படித்து, நமக்குப் பொருந்துவனவற்றைப் பிரித்தெடுத்த கல்விப் பணி இது.

1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரசு மாநாடும் சாலை, கிணறு, பள்ளி ஆகியவற்றில் யாவருக்கும் சம உரிமை என்று தீர்மானித்தது. ஆயினும் பிரித்தானியப் பாராளுமன்றம் 1935-இல் இயற்றிய இந்திய அரசுச் சட்டத்தில் அடிப்படை உரிமைப் பிரகடனம் எதுவும் இடம்பெறவில்லை. எழுதியது மீண்டும் காத்திருந்தது. தாத்தா அவர்கள் 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். தாம் கையொப்பமிட்ட நிபந்தனை நாட்டின் சட்டமாவதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

தில்லியில் முடிந்த நெசவு

1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை கூடியது. சபைக்குள் நுழைவதே டாக்டர் அம்பேத்கருக்கு எளிதாக இல்லை. பம்பாயிலிருந்து வழியில்லாத நிலையில், ஜோகேந்திர நாத் மண்டல் அவர்களின் துணையால் வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிவினையால் அவ்விடம் பறிபோகவே, 1947-இல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார். நம் சென்னை மாகாணத்திலிருந்து வி. ஐ. முனிசாமிப் பிள்ளை, தாட்சாயணி வேலாயுதன் போன்றோர் சபையில் இருந்தனர். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரே பெண் உறுப்பினர் தாட்சாயணி அம்மையார் ஆவார்.

அடிப்படை உரிமைகளை வரைய ஜே. பி. கிருபளானி தலைமையில் துணைக்குழு அமைந்தது. 1947 மார்ச்சில் டாக்டர் அம்பேத்கர் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் விரிவான வரைவை அதற்கு அளித்தார். பிறப்பினால் வரும் சலுகையும் இழிவும் ஒழிக்கப்பட வேண்டும் என்று அதில் எழுதினார். ஊர்விலக்கு குற்றம் என்னும் இலண்டன் வரியையும் சேர்த்தார். அதே மாதத்தில் கே. எம். முன்ஷி அளித்த வரைவில், தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, அதனைக் கடைப்பிடித்தல் தண்டனைக்குரியது என்ற வாசகம் இருந்தது. 1947 ஏப்ரல் 29-ஆம் நாள் சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை முதன்முறையாக ஏற்றது. பின்னர் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு அதனைச் செப்பம் செய்தது. 1948 நவம்பர் 29-ஆம் நாள் மீண்டும் நிறைவேறி, இறுதியில் அது 17-ஆம் பிரிவாயிற்று.

நம் ஆரணியில் தறியைக் காணாதவர் இல்லை. பாவு ஓட்டுபவர் ஒருவர், சாயம் தோய்ப்பவர் ஒருவர், தறியில் அமர்ந்து நெய்பவர் ஒருவர். முடிந்த சேலையை விரிக்கும்பொழுது எந்த இழை யார் கை பட்டது என்று காண்போர் அறியார். 17-ஆம் பிரிவும் அத்தகையதே. ஒருவர் பேனா மட்டும் எழுதியதன்று. ஆயினும் அதற்குரிய பாவினை நீலகிரியிலும் சென்னையிலும் மகாத்திலும் இலண்டனிலும் நீட்டியவர்கள் நம் முன்னோர். 15-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லப்பட்டிருக்கும். நாட்டின் மிக உயர்ந்த சட்டத்தில் கிணற்றுக்கும் குளத்துக்கும் ஏன் இடம் என்று அறியாதார் வியக்கலாம். நமக்கு அந்த வியப்பில்லை. சவுதார் குளம் அங்கே இருக்கிறது.

17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்ததோடு, அதனால் எழும் குறைபாட்டைத் திணிப்பது சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் என்றும் கூறுகிறது. அந்தத் தண்டனையை வகுக்கும் நாடு தழுவிய சட்டம் 1955-இல் வந்தது. உரிமையைப் பயன்படுத்தியவனை ஊர்விலக்குச் செய்வதும் அதில் குற்றமாயிற்று. 1976-இல் அச்சட்டம் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் அச்சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தது. 1930-இல் இரு பெரியோர் வரைந்த வரி இன்றும் விரிந்துகொண்டே வருகிறது.

இடையில் நிகழ்ந்த மற்றொன்றையும் மாணவர்கள் அறிதல் நலம். சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட ஆணை செல்லாது என்று 1951-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டே முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15-ஆம் பிரிவில் எழுதப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கல்லூரியில் பெறும் இடம் அந்த வரியின் நிழலில் நிற்பது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றது மூன்று. முதலாவது, உரிமையைச் சொல்லால் அறிவித்தால் மட்டும் போதாது. மீறுவோருக்குத் தண்டனையும் எழுதப்பட வேண்டும். 1924 அதைக் கற்பித்தது. இரண்டாவது, எழுதிய உரிமையை மக்கள் எழுந்து சென்று பயன்படுத்த வேண்டும். 1927 அதைக் கற்பித்தது. மூன்றாவது, தண்டனையும் எழுதப்பட்ட பின்னர், அதைப் படித்து, மனு எழுதி, நாள் குறித்து, படி எடுத்து வைத்து, விடை வரும்வரை விடாது கேட்பவர் ஒவ்வொரு தெருவிலும் இருத்தல் வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியின் பானை எனக்குக் கற்பித்தது இதுவே.

அரசியலமைப்பு நிறைவேறுவதற்கு முந்திய நாள் டாக்டர் அம்பேத்கர் சபையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அரசியலில் சமத்துவம் பெறப் போகிறோம். சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வே நீடிக்கும். இந்த முரண்பாட்டை விரைவில் களையாவிடில் கட்டிய மாளிகையே தகர்ந்துவிடும் என்பது அதன் கருத்து. அந்த எச்சரிக்கை இன்றும் பழமையாகிவிடவில்லை.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசியலமைப்பின் மூன்றாம் பாகம் நீண்டதன்று. 12-ஆம் பிரிவு முதல் 35-ஆம் பிரிவு வரை உள்ள பகுதி அது. தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. மாலை வகுப்பில் கூடும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பிரிவாகப் படித்துக் காட்டுங்கள். அடுத்து 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் படியுங்கள். கையெழுத்திடத் தெரியாத பெரியவர் ஒருவர் குறையோடு வந்தால், அதைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வல்ல பத்து இளைஞர்களை இச்சங்கம் ஆண்டுதோறும் உருவாக்குமாயின், அதுவே இவ்வெள்ளி விழாவின் பெரும்பயன் என்பேன்.

அடுத்த குடியரசு நாளிலும் அந்த இரண்டாம் வினாவைக் கேட்பேன். இம்மலரைப் படித்த பிள்ளை ஒருவனேனும் ஒருத்தியேனும் அணியிலிருந்து கை உயர்த்தி, "எங்கள் முன்னோர் எழுதினார்கள், ஐயா" என்று விடை சொன்னால், என் ஆசிரியப் பணி நிறைவுற்றதாகக் கொள்வேன்.

வாழ்க நம் கல்விச் சங்கம்! வளர்க அதன் தொண்டு!